டாக்டர் பக்கம்: குவாய் நதிப் பாலமும் நம்மவர்களும்



வைத்தியனுக்கும் ஜுரம் வரும். சென்ற மாதம் அப்படிப் படுத்திருந்தபோது, பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட குவாய் நதிப் பாலம் நாவலைப் படித்தேன். 1957இல் வந்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் கித்துல்கலவில் எடுத்த படம் அது. படத்தில் பாலம் தகர்கிறது, நாவலில் தகரவில்லை. உண்மையில் 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதைக் குண்டு வீசி உடைத்தன. பழுது பார்த்த பாலத்தில் இன்றும் ரயில் போகிறது.

நாவலின் நடுவே நிற்பவர்கள் பிரிட்டிஷ் போர்க் கைதிகள். ஜுரம் விட்டதும் சரித்திர நூல்களைப் புரட்டினேன். அங்கேதான் நம்மவர்களைக் கண்டேன்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1942, 43இல் போட்டார்கள். வேலை செய்த கைதிகள் 60,000க்கு மேல்; இறந்தவர்கள் சுமார் 12,000. ஆசியத் தொழிலாளரோ ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும், பிறகு பலவந்தமாகவும் கொண்டுபோன தமிழர்கள் இவர்களில் ஏராளம். பூல் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பது இன்னொரு செய்தி.

ஏன் இந்த வித்தியாசம்? வைத்தியன் என்ற முறையில் என்னை உறுத்தியது இந்தக் கேள்விதான். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. காலராவில் உயிரை வாங்குவது உடம்பின் நீரும் உப்பும் வற்றிப்போவது. கைதிகளிடையே டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொன்னார்கள். நோயாளிகளைத் தனியே வைத்தார்கள். மூங்கிலும் குழாயும் கொண்டு உப்பு நீர் ஏற்றினார்கள். அப்படியும் பலர் இறந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் கொட்டகைகளிலோ பெரும்பாலும் டாக்டரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

காஞ்சனபுரியின் போர் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அவர்களைப் பற்றியது. தேடிப் படியுங்கள்.

நம் சங்கத்தில் மலாயா வழி வந்த குடும்பங்கள் உண்டு. "தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அந்தப் பெயரையும் தோட்டத்தையும் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லில் இல்லாத பெயர் தாளிலாவது இருக்கட்டும்.