மாத்திரை எல்லோருக்கும், சோதனை ஏழைக்கு மட்டுமா?
மருந்து ஆய்வுகள் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



மருந்து ஆய்வு விதிகளில் மத்திய சுகாதார அமைச்சகம் 2025இல் மறுபடியும் கைவைத்தது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளைத் திருத்தும் வரைவு, 2025 ஆகஸ்ட் 28 அன்று அரசிதழில் வெளியானது. கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஆய்வுக்காகச் சிறிய அளவில் மருந்து தயாரிப்பதற்கு அதுவரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அபாயம் அதிகமுள்ள சில வகைகள் நீங்கலாக, இனி தகவல் தெரிவித்தால் போதும் என்றது வரைவு. உரிமம் தேவைப்படும் இடத்திலும் 90 நாள் கெடுவை 45 நாளாக்கியது. இரண்டு கம்பெனிகளின் மாத்திரை ரத்தத்தில் ஒரே அளவில் சேர்கிறதா என்று, நோயில்லாதவர்களுக்குப் பணம் கொடுத்து, விழுங்கவைத்துப் பார்க்கும் ஆய்வுகளில் சில வகைகளையும் உரிமம் இல்லாமல், தகவல் கொடுத்துவிட்டே தொடங்கலாம் என்றது.

கம்பெனிகளுக்கு நாள் மிச்சம். உடம்பைக் கொடுப்பவருக்கு என்ன மிச்சம்? அமைச்சகம் சொன்ன காரணங்களில் அவரைக் காணவில்லை.

நாங்கள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வேலை செய்யும் மருத்துவர்கள், செவிலியர்கள், சில வழக்கறிஞர்கள், ஆய்வுகளில் கலந்துகொண்ட சிலர். ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் தகுதி சென்னைக்காரர் எவருக்கும் கிடையாது. 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 193 நோயாளிகள் ஓர் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே மருந்து. வீட்டிலிருந்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள். 1959இல் முடிவு வெளியானதும், காசநோய்க்காரரைக் குடும்பத்தைவிட்டு மாதக்கணக்கில் பிரித்துவைக்கும் வழக்கம் உலகெங்கும் ஆட்டம் கண்டது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போட்டு 15 ஆண்டுகள் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஒன்று பயன்படாது என்று தெரிந்துகொள்ளவும் மனிதர்கள் வேண்டியிருக்கிறது. இன்று நம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் ரோட்டாவாக் சொட்டு மருந்தை, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 கைக்குழந்தைகள் கலந்துகொண்ட ஆய்வில் சோதித்தார்கள்.

அப்படிப்பட்ட தமிழ்நாட்டில் இன்று "ஆய்வில் சேர்கிறீர்களா?" என்று கேட்டால், "எங்களைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர்மேல் தப்பில்லை.

2009இல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு. ஆந்திரத்தில் மட்டும் சுமார் 14,000 சிறுமிகள். பலர் பழங்குடிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பிறகு நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948இல் கைநாட்டு. ஆந்திரத்திலும் குஜராத்திலுமாக 7 சிறுமிகள் இறந்தார்கள். மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றது விசாரணை. இருக்கட்டும். பெற்ற தாய் இருக்க, வார்டன் யார் சம்மதம் சொல்ல? 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. அது நல்ல தடுப்பூசி. ஆனால் அதன்மேல் விழுந்த சந்தேகத்தால் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் அது வருவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த 2,763 கையெழுத்துகளுக்கான விலையைக் கொடுத்தவர்கள் நம் பெண்கள்.

அரசே உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு இன்னும் கனமானது. 2005 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 475 புதிய மருந்துகள் ஆய்வுக்கு வந்தன. சேர்ந்தவர்கள் 57,303 பேர். இறந்தவர்கள் 2,644 பேர். மரணம் தவிர்த்த கடும் பாதிப்புகள் 11,972. இவற்றில் ஆய்வினால் நேர்ந்தவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை 80 மரணங்கள், 506 பாதிப்புகள். கடைசியில் விற்பனைக்கு அனுமதி பெற்றவை 17 மருந்துகள். இறந்தவர்களில் பலர் ஏற்கெனவே கடும் நோயில் இருந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் எது மருந்தால், எது நோயால் என்று முதலில் எழுதுகிறவர்கள் ஆய்வை நடத்தும் மருத்துவரும், அதற்குச் செலவு செய்யும் கம்பெனியும்தான். அதுதான் எங்களை உறுத்துகிறது.

2020இல் சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா தடுப்பூசி ஆய்வில் சேர்ந்த ஒருவர், தனக்கு நரம்புப் பாதிப்பு வந்துவிட்டதாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தடுப்பூசிக்கும் அவர் உடல்நிலைக்கும் தொடர்பில்லை என்று பின்னர் சொன்னார்கள். அதையும் ஏற்றுக்கொள்வோம். ஆனால் கம்பெனியின் முதல் பதில் என்ன? 100 கோடி ரூபாய்க்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்பது. இந்தியாவில் அந்த ஆய்வுக்குக் கை நீட்டியவர்கள் 1,600 பேர். புகார் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவர்கள் அனைவருக்கும் அன்று தெரிந்துபோயிற்று.

2013இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவு செய்யும் விதி வந்தது. 2015இலேயே அது புதிய மூலக்கூறு மருந்து ஆய்வுகளில், அதுவும் எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. 2019இல், இந்தியாவில் கண்டுபிடித்த மருந்துக்கு 30 வேலை நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். 2025இல் இந்த வரைவு. 2015இலிருந்து ஒவ்வொரு முறையும் தளர்வது கம்பெனியின் கட்டுதான்.

அரசிடம் நாங்கள் கேட்பவை:

1. எல்லா ஆய்வுகளிலும் ஒப்புதலை வீடியோவில் பதிவு செய்யும் விதி திரும்ப வர வேண்டும்.

2. பாதிப்பு எதனால் என்று முதலிலேயே விசாரிக்க, கம்பெனியிடமும் அந்த மருத்துவமனையிடமும் சம்பளம் வாங்காத குழு மாநிலத்துக்கு ஒன்று வேண்டும்.

3. புகார் சொன்ன பங்கேற்பாளர்மேல் கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட முடியாதபடி விதியில் எழுத வேண்டும்.

4. உரிமம் இல்லாமல் தொடங்கும் ஆய்வுகளில் பங்கேற்பாளருக்கு முக்கியக் காவல், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுதான். அதன் முடிவுகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

இனி உங்களிடம். இவற்றைக் கேட்டு அமைச்சகத்துக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். ஆய்வில் சேரச் சொன்னால் ஓடாதீர்கள். இந்திய ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன, தகவல் தாளின் நகல் எங்கே, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் பெறுவது சட்டப்படி உங்கள் உரிமை. பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படித்தவர்களுக்கு, வசதியுள்ளவர்களுக்குக் கசப்பாக ஒன்று சொல்கிறோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் நீங்கள் போடும் மாத்திரையை யாரோ முதலில் விழுங்கியிருக்கிறார். படிவத்தைப் படித்து, கேள்வி கேட்டு, வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்த நீங்கள் ஒதுங்கிக்கொள்வதால்தான் படிக்கத் தெரியாதவரைத் தேடிப் போகிறார்கள். ஜி.எச். வரிசையில் நிற்பவர் மட்டுமே ஆய்வுக்கு வரும்வரை எந்த விதியும் ஒழுங்காக நடக்காது. சேருங்கள், கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு எச்சரிக்கை. அடுத்த பெருந்தொற்று வரும்போது உரிமம் 45 நாளில் கிடைக்கலாம். நம்பி வரும் ஆட்கள் இல்லாவிட்டால் அந்த உரிமத்தால் ஒரு தடுப்பூசியும் வராது.