படைத் தலைவர் எழுதிய நூல்

சென்ற வாரம் படைமாட்சி அதிகாரம் கற்பித்தேன். உறுதியுடன் நிற்கும் வீரர் பலர் உளராயினும், தலைமை தாங்குவோர் இல்லையெனின் அது படையாகாது என்னும் ஈற்றுக் குறளின் கருத்தை விளக்குகையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இக்காலத்தில் தமிழர் எவராவது ஒரு நாட்டுப் படைக்குத் தலைவராய் இருந்ததுண்டா?" என்றான். உண்டு, இந்நாட்டிலேயே இருந்தார் என்றேன். வகுப்பில் எவரும் நம்பினாரில்லை. ஆசிரியர் அறையில் விசாரித்தபோது அங்கும் அவர் பெயரை அறிந்தோர் இருவரே.

அவர் மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு. 1908இல் பிறந்தவர், ஒக்ஸ்போர்டில் பயின்று வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர். சட்டப் புத்தகத்தோடு அமைந்துவிடாமல், தொண்டர் படையாகிய இலங்கை இலகு காலாட்படையிற் சேர்ந்தார். 1949இல் இலங்கைப் படை நிறுவப்பட்டது. அதன் முதல் இரு தளபதிகளும் ஆங்கிலேய ஆட்சி அனுப்பிய பிரித்தானியர். 1955 பெப்ரவரியில் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் முத்துக்குமாருவே. 1959 இறுதிவரை அதில் இருந்தார்.

அவர் வாழ்வில் கண்டிக்கும் பங்குண்டு. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படையின் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். அத்தலைமையகத்தின் காவல் முத்துக்குமாருவின் பொறுப்பிலிருந்தது. இன்று அப்பூங்காவில் மலர் பார்க்கச் செல்லும் நம்மவர், பர்மாப் போரின் கட்டளைகள் அம்மரநிழலிலிருந்து சென்றன என்பதை நினைப்பதில்லை. மகாவலி கங்கைக்கு அக்கரையிலுள்ள கன்னொறுவையிலேதான் 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை அழித்தான். ஓராற்றின் இரு கரையிலும் இரு காலத்துப் போர்!

பதவியிலிருந்த ஐந்தாண்டுகளில் அவருக்கு அந்நியருடன் போர் நேரவில்லை. நேர்ந்தது அதனினும் கொடிது. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டு, ஒழுங்கை நிலைநாட்டும் பணி படையிடம் வந்தது. தமிழர் அடிபட்ட அவ்வேளையில் அப்படையின் தலைவர் தமிழர். அவர் உள்ளம் என்ன பாடுபட்டதென்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. எனினும் அச்சூழலை எண்ணிப் பார்க்காமல் அவ்வாண்டின் வரலாற்றை எழுதுவோர் பாதியையே எழுதுகின்றனர்.

ஓய்வுக்குப் பின் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் இலங்கையின் தூதராயிருந்தார். இவற்றையெல்லாம் விட நான் பெரிதாக மதிப்பது, 1987இல், எண்பதை அணுகிய வயதில், அவர் இலங்கையின் படை வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டதையே. தலைப்பிலேயே அதனை ஒரு சுருக்க வரைவு என்று அடக்கமாகக் குறித்தார். பதவி ஐந்தாண்டில் முடிந்தது. பின்வரும் அதிகாரிகளுக்குப் பாடஞ் சொல்லும் பணி நூலால் நீண்டது.

இலக்கிய நண்பரொருவர், "அது இலக்கியமன்று, நமக்கெதற்கு?" என்றார். வியப்புற்றேன். வெட்சியும் வஞ்சியும் உழிஞையும் துறை பிரித்து ஓதுகிறோம். தும்பை சூடியோனுக்காக வகுப்பில் தொண்டை கம்முகிறோம். ஆனால் ஒரு படை எவ்வாறு திரட்டப்படுகிறது, எங்கே உண்கிறது, மழையில் எவ்வழி நடக்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம். புறத்திணை கற்பிப்போன் இவற்றை அறியவேண்டியவனல்லனோ? நானும் நெடுநாள் அறியாதிருந்தவனே. அந்நூலைத் தற்செயலாக ஒரு பழைய புத்தகக் கடையிற் கண்டுதான் விழித்தேன்.

படை என்றதும் நம் பிள்ளைகள் முகங்கறுக்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. நடந்தவற்றை அவர்களிடம் மறைக்கச் சொல்லேன். அக்காரணத்தாலேயே, சட்டமும் வரலாறும் கற்ற ஒரு தமிழர் அதே படையை அதன் இளம்பருவத்தில் நடத்தினார் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். பல்கலைக்கழகத்தார் எவரேனும் அந்நூலைத் தமிழாக்கிக் குறிப்புரையுடன் பதிப்பிப்பாராயின், கலைச்சொல் ஆக்கும் வேலையில் என்னாலியன்றதைச் செய்வேன்.

வினா எழுப்பிய மாணவன் மறுநாளே கன்னொறுவை எங்கே என்று கேட்டு வந்தான். அடுத்த சனிக்கிழமை வகுப்பையே அங்கு அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று.