மாத்திரையோடு முடிவதில்லை

மனச்சிதைவு மூளை சார்ந்த நோய், அதற்கு மருந்து போதும், குடும்பத்துக்கு வகுப்பெடுப்பது வீண் என்று ஒரு வாதம் உண்டு. மூளை சார்ந்த நோய் என்பது சரி. ஆனால் மருத்துவர் மருந்தை எழுதித் தருபவர் மட்டுமே. நாள்தோறும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் தாயோ மனைவியோ. கை நடுக்கமும் ஓயாத தூக்கமும் பக்கவிளைவுகள் என்று அறியாத வீட்டில் மாத்திரை பாதியில் நிற்கிறது, நோய் திரும்புகிறது. பேசாமல் ஒதுங்கிக் கிடப்பதும் நோயின் அறிகுறியே. வீட்டாருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது, ஏச்சு தொடங்குகிறது. குறைகூறலும் பகைமையும் மிகுந்த வீடுகளில் நோய் அதிகம் திரும்புவதை ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுன் லண்டனில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல, பயிற்றுவிக்கவே அந்த முடிவு உதவியது. மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தபோது நோய் திரும்புவது குறைந்தது.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது மேலைநாட்டு இறக்குமதி என்பது அதைவிடப் பலவீனமான வாதம். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் உறவினர் உடன்தங்கும் முறையைக் கைக்கொண்டது. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப், குடும்பங்களுடனும் சேர்ந்தே பணியாற்றுகிறது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான 14416இல் நோயாளி மட்டுமல்ல, பராமரிப்பவரும் கட்டணமின்றிப் பேசலாம்.