பழைய மும்பையில் எழும் புதிய கோபுரங்கள்: குடியிருந்தோர் அங்கேயே நீடிப்பார்களா?

மும்பை ஒர்லியில் உள்ள பி.டி.டி. சால் குடியிருப்புகளின் மறுமேம்பாட்டில் முதற்கட்டமாக 556 குடும்பங்களுக்கு 2025 ஆகஸ்ட் மாதம் புதிய வீடுகளின் சாவிகள் வழங்கப்பட்டன. சுமார் 160 சதுர அடி அறையில், பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்து மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த அக்குடும்பங்கள், அடுக்குமாடிக் கோபுரத்தில் 500 சதுர அடி வீட்டுக்கு உரிமையாளர்களாகியுள்ளன. இதற்காக அவர்களிடம் கட்டுமானச் செலவு வசூலிக்கப்படவில்லை.

மும்பையின் மறுமேம்பாட்டுக் கொள்கைக்கு இது ஒரு வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை நீளும் தீவு நகரப் பகுதியில் இன்னும் ஆயிரக்கணக்கான பழைய கட்டடங்கள் சிதைந்த நிலையில் நிற்கின்றன. அவற்றின் கதை பி.டி.டி. சால்களின் கதையைவிடச் சிக்கலானது. பி.டி.டி. சால்கள் 1920-களில் அரசே கட்டியவை. பெரும்பாலான மற்றக் கட்டடங்களோ தனியாருக்குச் சொந்தமானவை.

உறைந்த வாடகை

இச்சிக்கலின் வேர் 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் உள்ளது. போர்க்காலத்திலும் பிரிவினைக் காலத்திலும் நகரில் குவிந்த மக்களைக் கொள்ளை வாடகையிலிருந்து காக்க வந்த இச்சட்டம், 1940 செப்டம்பர் 1-ஆம் தேதியன்று நிலவிய வாடகையையே அளவுகோலாக நிர்ணயித்தது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. வாடகையை இவ்வாறு உறைய வைத்திருப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் வந்த 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை மட்டும் அனுமதித்தது. அடிப்படை வாடகையே சில பத்து அல்லது சில நூறு ரூபாயாக இருக்கும்போது, 4 சதவீதத்தால் ஒரு கூரையைக்கூடச் செப்பனிட இயலாது.

வாடகை வருமானம் பொருளற்றதானபோது அதன் இடத்தைப் 'பகடி' முறை பிடித்தது. பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துக் குடியேறுபவர், நடைமுறையில் பாதி உரிமையாளராகிறார். அந்த உரிமையை அவர் பிறருக்கு மாற்றும்போது, கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு கட்டட உரிமையாளருக்குச் செல்கிறது. இருவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. சுவரையும் தூணையும் பராமரிக்கும் பொறுப்பை மட்டும் இருவருமே ஏற்கவில்லை.

அப்பொறுப்பை அரசு 1969-இல் ஏற்றது. 'செஸ்' எனப்படும் சிறப்பு வரியை வசூலித்து, அதைக் கொண்டு பழுதுபார்ப்பதற்காக ஒரு வாரியம் உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 19,600 கட்டடங்கள் இதன் கீழ் வந்தன. இன்றும் 13,000-க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. பழுதுபார்ப்புச் செலவுக்குச் சதுர மீட்டர் அடிப்படையில் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் செலவைக் குடியிருப்போரே ஏற்க வேண்டும். எனவே பல கட்டடங்கள் மரக்கட்டைகளாலும் இரும்புத் தூண்களாலும் முட்டுக்கொடுக்கப்பட்டே நிற்கின்றன.

இதன் விலையை உயிர்களே செலுத்தின. 2017 ஆகஸ்ட் 31-இல் பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஜூலையில் டோங்ரியில் மற்றொரு கட்டடம் இடிந்து 10-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். ஹுசைனி கட்டடம் ஏற்கெனவே மறுமேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. சில குடும்பங்கள் முன்பே வெளியேறியும் இருந்தன. அபாயம் தெரிந்தும் மக்கள் தங்குவதற்குக் காரணம் அறியாமை அன்று. வெளியேறினால் உரிமை பறிபோகுமோ, இடைக்கால முகாமிலேயே காலம் கழிந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். பாதியில் நின்ற திட்டங்களால் முகாம்களிலேயே முதுமையடைந்தவர்கள் உள்ள நகரில், அந்த அச்சத்தை ஆதாரமற்றது எனத் தள்ள முடியாது.

நிலத்தின் விலையே முடிவு செய்கிறது

மறுமேம்பாட்டுக்கான பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை. கட்டுமான நிறுவனத்துக்குக் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்கப்படுகிறது. அதில் கட்டப்படும் வீடுகளைச் சந்தையில் விற்று, பழைய குடியிருப்போருக்கான வீடுகளின் செலவை அது ஈடுகட்டுகிறது. ஆகவே எந்தக் கட்டடம் முதலில் மீட்கப்படும் என்பதை அபாயத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. நிலத்தின் விலையும் மனையின் பரப்புமே தீர்மானிக்கின்றன.

பரேல், லால்பாக், லோயர் பரேல் பகுதிகள் இதற்குச் சான்று. 1982-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. 1991-ஆம் ஆண்டின் விதி, ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, பொது வெளிக்கும் பொது வீட்டுவசதிக்கும் பங்கு அளித்தது. 2001-ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பங்கீட்டைக் காலி நிலத்துக்கு மட்டும் எனச் சுருக்கியது. உச்ச நீதிமன்றம் 2006-இல் அதை ஏற்றது. ஆலைகள் இருந்த இடங்களில் வணிக வளாகங்களும் அலுவலகங்களும் எழுந்தன. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால்களின் நிலமும் அதனால் பன்மடங்கு மதிப்புப் பெற்றது. வேலையை இழந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு அந்த நில மதிப்பே இன்று வீடாகத் திரும்புகிறது.

காளபாதேவி, புலேஷ்வர் போன்ற நெரிசலான பகுதிகளில் நிலைமை வேறு. குறுகிய சந்து, சிறு மனை, தளத்துக்குத் தளம் கடைகளும் பட்டறைகளும் எனத் தனித்தனிக் கட்டடங்களாக இவற்றை மறுமேம்பாடு செய்வது எளிதன்று. எனவேதான் பேண்டி பஜாரில் 16.5 ஏக்கரில் சுமார் 250 கட்டடங்களை ஒன்றிணைத்துத் தொகுப்பு மறுமேம்பாடு மேற்கொள்ளப்படுகிறது. தாவூதி போஹ்ரா சமூகத்தின் அறக்கட்டளை நடத்தும் இத்திட்டத்தில் சுமார் 3,200 குடும்பங்களும் 1,250 கடைகளும் அடங்கும். ஆனால் அத்தகைய அறக்கட்டளை எல்லாப் பகுதிகளுக்கும் கிடைப்பதில்லை.

பாதுகாப்பு எதற்கு?

பாரம்பரியக் கட்டடங்களுக்கெனத் தனி விதிகளை மும்பை 1995-இலேயே வகுத்தது; இந்திய நகரங்களில் இதுவே முன்னோடி. ஆயினும் பட்டியலில் இடம்பெறுவது மட்டும் கட்டடத்தைக் காப்பதில்லை. இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புச் சட்டங்களால் 1860-களில் எழுந்த வாட்சன் ஓட்டல், இந்தியாவில் முதன்முதலாக 1896-இல் திரைப்படம் காட்டப்பட்ட இடம். பின்னாளில் எஸ்பிளனேட் மேன்ஷன் எனப் பெயர் மாறி, சிறு அலுவலகங்களும் வாடகைதாரரும் நிறைந்த 'செஸ்' கட்டடமானது. 2005-இல் அதன் ஒரு பகுதி இடிந்தது. 2019-இல் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பெருமை அனைவருக்கும் உரியதாக இருந்தது. பராமரிப்புச் செலவு எவருக்கும் உரியதாக இல்லை.

சட்டத் தளத்திலும் இழுபறி நீடிக்கிறது. குடியிருப்போரில் 70 சதவீதத்தினர் ஒப்பினால் மாத வாடகையின் 100 மடங்கு தொகைக்குக் கட்டடத்தைக் கையகப்படுத்தலாம் என்ற 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்த வழக்கு, 1992 முதல் உச்ச நீதிமன்றத்தில் உள்ளது. அவ்வழக்கில் 2024 நவம்பர் 5-இல் தீர்ப்பளித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எல்லாத் தனியார் சொத்தும் 'சமூகத்தின் பொருள் வளம்' ஆகிவிடாது எனப் பெரும்பான்மையாகக் கூறியது. அபாயகரக் கட்டடங்களின் உரிமையாளர் ஆறு மாதத்துக்குள் முன்வராவிட்டால் வாடகைதாரர் சங்கமும், அதுவும் தவறினால் வீட்டுவசதி ஆணையமான ம்ஹாடாவும் பணியை ஏற்கலாம் என்ற புதிய ஏற்பாட்டுக்கு 2022-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

அடுத்த சோதனை

இந்தச் சட்டங்கள் யாவும் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: கட்டடத்தை யார் கட்டுவது? கட்டிய பின் அதில் யார் தங்குவது என்பது அதே அளவு முக்கியமானது. பழைய சாலில் மாதச் செலவு மிகக் குறைவு. கோபுரத்தில் மின்தூக்கி, நீரேற்றி, தீயணைப்புக் கருவி, சொத்து வரி எனப் பராமரிப்புக் கட்டணம் மாதந்தோறும் வரும். தொடக்க ஆண்டுகளுக்கு வைப்பு நிதி தாங்கினாலும், அது தீர்ந்தபின் நிலையான வருமானமற்ற குடும்பம் வீட்டை விற்று நகரின் விளிம்புக்குச் செல்லும் வாய்ப்பு உண்டு. பதிவேட்டில் பெயரில்லாத உள்வாடகைதாரரும், கடையின் பரணில் படுத்துறங்கும் தொழிலாளியும் முதல் நாளிலேயே கணக்கிலிருந்து விடுபடுகின்றனர்.

உறைந்த வாடகை மனிதர்களைக் காத்துச் சுவர்களைக் கைவிட்டது. மறுமேம்பாடு அதன் தலைகீழாக முடியாதிருக்க வேண்டுமெனில், திட்ட ஒப்புதலின்போதே நீண்டகாலப் பராமரிப்பு நிதி கணக்கிடப்பட வேண்டும். இடைக்கால முகாமுக்குக் காலவரம்பு சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். உள்வாடகைதாரரும் கணக்கெடுப்பில் சேர வேண்டும். ஒர்லியில் சாவி பெற்ற 556 குடும்பங்களில் எத்தனை பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே வாழ்கின்றன என்பதே இக்கொள்கையின் உண்மையான அளவுகோலாக இருக்கும்.