வண்டி சாய்ஞ்சா குதிக்காதீங்க

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்க, ஓட்டவெச்சு வேலை வாங்குறவங்க, ரெண்டு பேருக்குமான த்ரெட் இது.

வண்டி சாயும்போது குதிச்சுத் தப்பிக்கத்தான் யாருக்கும் தோணும். ஆளைக் கொல்றது பல நேரம் அதுதான். குதிக்கிறவர் கீழே விழுந்து எழுவதற்குள், தலைக்கு மேல பாதுகாப்புக்குனு இருக்கும் அந்த இரும்புக் கூண்டே அவர் மேல வந்து இறங்கும். 3 டன் தூக்கும் டீசல் வண்டியோட சொந்த எடையே சுமார் 4 டன்.

அதனால பெல்ட் போடுங்க. (கார்லயே போலீஸைப் பார்த்தாதான் போடுறோம், தெரியும்!) உட்கார்ந்து ஓட்டுற வண்டி சாய்ஞ்சா, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சு, காலை ஊன்றி, சாயுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா உடம்பைச் சாய்ச்சு உள்ளேயே இருங்க.

நாலு சக்கரம் இருந்தாலும் பெரும்பாலும் இது மூணு சக்கரக் கணக்குதான். முன்சக்கரம் ரெண்டு, பின் ஆக்சிலின் நடுப்புள்ளி ஒண்ணு. இந்த முக்கோணத்தை விட்டு எடை வெளியே போனா கவிழும். குடோன் சிமெண்ட் தரையில் சமாளிக்கலாம். மழை பெய்த ஹாலோ பிளாக் யார்டில், லோடை உயரத் தூக்கிட்டுப் போகும்போது ஒரு சக்கரம் குழியில் இறங்கினா அவ்வளவுதான். காலி வண்டியும் சேஃப் இல்லை. எடை பின்னாடி, முக்கோணத்தின் குறுகிய முனைப் பக்கம் இருக்கும். வேகமா திருப்பினா பக்கவாட்டில் சாயும்.

சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் லோடு மேட்டுப் பக்கமே இருக்கணும். அதாவது லோடோட இறங்குறது ரிவர்ஸில்தான். சரிவில் திருப்பவே கூடாது.

ஆனா எல்லாத்தையும் 'டிரைவர் கவனக்குறைவு'னு எழுதி முடிக்கிறது எனக்கு ஒப்புக்கல. குடோனுக்குச் செஞ்ச சின்ன டயர் வண்டியைச் சேற்றில் இறக்கச் சொன்னது யாரு? கரடுமுரடான தரைக்குனே பெரிய டயர் வண்டி தனியா இருக்கு. விலை அதிகம், சரி. வண்டி போகும் பாதையிலாவது ஜல்லி கொட்டி ரோலர் விடலாமே ஓனர் சார்?

யாராவது அடிபட்டா உடனே 108. இடுப்பெலும்பு உடைஞ்சா வெளியே ரத்தமே தெரியாம உள்ளே லிட்டர் கணக்கில் கசியும். எழுப்பி நிக்க வைக்காதீங்க, ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீங்க. வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தா எத்தனை மணிக்கு மாட்டினார்னு குறிச்சு வெச்சுச் சொல்லுங்க. ரொம்ப நேரம் நசுங்கின தசையிலிருந்து, எடையை எடுத்ததும் பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்தலாம். எங்க சிகிச்சை அந்த நேரத்தை வெச்சுத்தான் மாறும்.