ஆற்றுக்கு மதிப்பெண் போடுவது யார்?

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஜனங்கள் அதை அர்ச்சுனன் தபசு என்கிறார்கள். மலையிலிருந்து கங்கை இறங்கி வரும் காட்சி அது என்று அறிஞர்களில் ஒரு சாரார் சொல்லுகிறார்கள். பாறையின் நடுவே உள்ள பிளவில் நாகர்கள் நீந்துகிறார்கள். தேவர்களும் முனிவர்களும் யானைகளும் அந்த ஆற்றை நோக்கித் திரும்பி நிற்கிறார்கள். ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் தெரியாத சிற்பத் தொழிலாளர்கள் உளியால் வடித்த மலையாறு அது. 1984-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மாமல்லபுரத்துச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்தக் கல் ஆற்றுக்கு வேலி உண்டு, காவலாள் உண்டு, சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. வேண்டியதுதான்.

அங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால், கல்பாக்கத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் கடந்து, வயலூர் அருகே நிஜமான மலையாறு ஒன்று கடலில் சேருகிறது. பாலாறு! கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், நமது தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடி வருகிற ஆறு. அதற்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை. லாரி இருக்கிறவன் வாரிக்கொண்டு போகலாம் என்ற நிலையில்தான் பல ஆண்டுகள் அது கிடந்தது.

கல்லில் செய்த ஆற்றுக்குப் பாதுகாப்பு. மக்களுக்குச் சோறு போடும் ஆற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. இது என்ன நியாயம்?

மலையிலிருந்து வரும் ஆறுகளை ஆராய்ந்து, தகுதியுள்ளவற்றுக்குச் சட்டப் பாதுகாப்புத் தர வேண்டும் என்ற பேச்சு இன்று நம் நாட்டிலும் கேட்கிறது. இதற்கு முன்மாதிரியாக அமெரிக்கச் சட்டம் ஒன்றைக் காட்டுகிறார்கள். 1968 அக்டோபர் 2-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. கட்டற்று ஓடும் ஆறுகளையும் எழில் மிக்க ஆறுகளையும் காப்பதற்கானது. முதலில் 8 ஆறுகளுடன் தொடங்கியது. இன்று 200-க்கும் அதிகமான ஆறுகளின் பகுதிகள், 13,000 மைலுக்கு மேல், அதில் அடங்கியுள்ளன. பெரிய கணக்கு போலத் தோன்றும். ஆனால் அந்த நாட்டு ஆறுகளின் மொத்த நீளத்தில் இது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.

அந்தச் சட்டத்தில் ஆற்றை எப்படி மதிப்பிடுகிறார்கள்? இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். முதலாவது, ஆறு அணைக்கட்டுத் தடையின்றித் தானாக ஓடுகிறதா? இரண்டாவது, காட்சி, பொழுதுபோக்கு, நிலவியல், மீன், வனவிலங்கு, சரித்திரம், பண்பாடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலேனும் தனிச்சிறப்பு அதற்கு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் ஆறு தகுதி பெறும். பட்டியலில் சேர்ந்துவிட்டால் அந்தப் பகுதியில் அணை கட்ட மத்திய சர்க்கார் அனுமதி தர முடியாது.

நல்ல சட்டம்தான். மூலதனத்தின் கோட்டையான நாட்டிலேயே, லாபக் கணக்கு மட்டும் பார்த்தால் ஆறு மிஞ்சாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததே, அது சாதாரண விஷயமல்ல. நம் நாட்டிலும் ஆற்றுக்கு என்று ஒரு சட்டம் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அளவுகோலை அப்படியே தூக்கி வந்து பாலாற்றங்கரையில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மதிப்பிட வரும் அதிகாரி சித்திரை மாதத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலத்தின்மேல் ஜீப்பை நிறுத்திக் கீழே பார்க்கிறார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், சீமைக்கருவேல், ஆங்காங்கே பள்ளம். "தண்ணீர் இல்லை. ஓட்டம் இல்லை. காட்சி இல்லை. தகுதி இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவருடைய தேர்வில் பாலாற்றுக்குக் கிடைப்பது பூஜ்யம்!

ஆனால் பாலாறு மணலுக்குள் ஓடுகிற ஆறு. மழைக்காலத்து வெள்ளத்தை மணல் குடித்துக்கொள்ளும். கோடையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்து வரும். இதைக் கண்டுபிடித்தவர்கள் பட்டணத்து நிபுணர்கள் அல்ல. கரையோரத்து விவசாயிகள் ஆற்று மணலில் நீளமாகக் கால்வாய் வெட்டி, ஊறிவரும் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் கிராமமே கூடி அதைத் தூர்வாரும். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை. மனித உழைப்பும் மணலும் சேர்ந்து செய்த பாசனம் அது.

மணல் போனால் என்ன ஆகும்? ஆற்றின் படுகை தாழ்ந்துவிடும். ஊற்றுக்காலின் வாய் மேலே நிற்கும், தண்ணீர் கீழே போய்விடும். கரையோரக் கிணறு இறங்கும். முகத்துவாரத்துப் பக்கம் நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்ததும் கடல் நீர் உள்ளே ஏறும். இதைத் தடுப்பதற்காகவே வயலூரிலும், மேலே ஈசூர்-வள்ளிபுரத்திலும் சில ஆண்டுகளுக்கு முன்பு தடுப்பணைகள் கட்ட வேண்டி வந்தது. முதலில் மணலை விற்றார்கள். பிறகு மணல் செய்து வந்த வேலையைச் செய்யச் சிமெண்டுக்குச் செலவழித்தார்கள்.

இந்த "வறண்ட" ஆற்றை நம்பித்தான் தாம்பரம், பல்லாவரம் குடிதண்ணீர் குடித்தது. கல்பாக்கத்து அணு மின் நிலையத்துக்கும் அதன் குடியிருப்புக்கும் நல்ல தண்ணீர் பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து போகிறது. பண்பாட்டுச் சிறப்பு வேண்டுமா? பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போய்ப் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே நடந்த ஆஸ்பத்திரியையும், அதில் இருந்த வைத்தியரையும், மருந்துகளையும் கோயில் கல்வெட்டு கணக்காகச் சொல்லுகிறது. ஆற்றின் வளம் இல்லாமல் இந்த வாழ்வு எங்கிருந்து வந்திருக்கும்?

சரி, இந்த ஆற்றைப் பற்றி நமது சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? வாசகர்கள் சிரிக்கக் கூடாது. 2016-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தேசிய நீர்வழிச் சட்டத்தில் 111 நீர்வழிகள் உண்டு. அதில் 75-ஆவது பாலாறு! வேலூர்ப் பக்கத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்துக் கடல்முகம் வரை, கப்பலும் படகும் போகத்தக்க வழி என்று டில்லி எழுதி வைத்திருக்கிறது. ஆற்றைப் பார்க்காமலே மதிப்பெண் போட்டால் இப்படித்தான் ஆகும். போக்குவரத்துக்கு என்று ஒரு சட்டம் உண்டு. அலையேற்றம் எட்டும் முகத்துவாரத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் மாநிலச் சட்டம் வந்தது. ஆறு ஆறாக இருப்பதற்கு என்று ஒரு சட்டமும் இல்லை.

கோர்ட் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைப் பாழாக்கிய வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. மாசு செய்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. வக்கீல் படிப்பில் அந்தத் தீர்ப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே ஆற்றின் அதே விஷத்துக்காக அதே சுப்ரீம் கோர்ட் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. கரையில் அதிகாரம் உள்ள மக்கள் ஸ்தாபனம் இல்லாவிட்டால் தீர்ப்பு காகிதத்திலேயே இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் பாதுகாப்பு எங்கே வெற்றி பெற்றது? அதற்கும் உதாரணம் நமது ஜில்லாவிலேயே இருக்கிறது. வேடந்தாங்கல்! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். கிராமத்து ஜனங்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். காட்சிக்காகவா அந்த விவசாயிகள் பறவையைக் காத்தார்கள்? இல்லை. பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்று அவர்களுக்குத் தெரியும். உழைப்பும் இயற்கையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அதனால்தான் 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக ஈரநிலப் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற முடிந்தது. நடுவில் 2020-ல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவை 3 ஆகக் குறைக்கச் சர்க்கார் தரப்பிலேயே முயற்சி நடந்ததும், எதிர்ப்புக் கிளம்பியதும் நமக்கு நினைவிருக்கிறது. ஜனங்கள் விழித்திருந்தால்தான் பட்டியலும் உயிரோடிருக்கும்.

இங்கே நமது பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1970-களின் கடைசியிலும் 1980-களின் தொடக்கத்திலும் கேரளத்துக் குந்திப்புழையில் அமைதிப் பள்ளத்தாக்கு அணை பற்றி விவாதம் நடந்தது. அணையை எதிர்த்து முன்னின்றது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத். இடதுசாரிகளிலும் தொழிற்சங்கங்களிலும் பலர் மின்சாரமும் வேலையும் வேண்டும் என்று திட்டத்தை ஆதரித்தார்கள். திட்டம் 1983-ல் கைவிடப்பட்டு, 1984-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரிஷத் சொன்னது சரி என்பதைக் காலம் காட்டியது.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. நான் முழுநேர ஊழியனாக வந்த புதிதில், பாலாற்றங்கரையில் மணல் மாட்டுவண்டிக்காரர்களின் கூட்டம் ஒன்றில் பேசினேன். கண்ட்ராக்டருடைய பொக்லைனுக்கும் லாரிக்கும் ஆற்றில் தாராளமாக வழி. அன்றாடம் ஒரு நடை அடித்துக் குடும்பம் நடத்தும் வண்டிக்காரனுக்குப் போலீஸ் கேஸ்! இதைக் கண்டித்தோம். வண்டிக்கு அனுமதி கொடு என்று கோஷமிட்டோம். கூட்டம் முடிந்ததும் நடவு வேலைக்குப் போகும் ஓர் ஆயா என்னிடம் வந்தார்.

"வண்டிக்கு வழி கேக்கறீங்க தம்பி, நல்லதுதான். எங்க கெணத்துல தண்ணி எறங்கிப் போச்சே, அத்த யார் கேக்கறது?"

"அதையும் கேட்போம் ஆயா" என்றேன். ஆனால் அடுத்த மனுவிலும் அதை எழுதவில்லை. வண்டிக்காரனும் நடவாளும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்பதை மறந்து, ஒருவர் கோரிக்கையை மட்டும் தூக்கிப் பிடித்தோம். மாட்டுவண்டியா ஆற்றைக் கொன்றது? இல்லை. வண்டி வாரியதை அடுத்த வெள்ளம் நிரப்பிவிடும். யந்திரம் ஓர் இரவில் வாரியதை நிரப்ப எத்தனை வெள்ளம் வேண்டும்! இந்த வித்தியாசத்தை நாம் அன்றே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னோர் அபாயமும் உண்டு. "எழில்" என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு நாக்கில் எச்சில் ஊறும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்ததைப் பாருங்கள். கடல் அழகாக இருக்கிறது என்றார்கள். பின்னாலேயே பங்களாவும் உல்லாச விடுதியும் வந்தன. மீனவன் வலை உலர்த்திய மணலுக்குச் சுற்றுச்சுவர் வந்தது. ஆற்றையும் காட்சிப் பொருளாக்கிப் பாதுகாத்தால், முகத்துவாரத்தில் மீனும் இறாலும் பிடிக்கிறவன் வெளியே, வாரக் கடைசியில் காரில் வருகிறவன் உள்ளே என்றுதான் முடியும். பாகீரதியின் கதையும் பாடம்தான். கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டரை 2012 டிசம்பரில் மத்திய சர்க்கார் சூழல் காப்பு மண்டலமாக அறிவித்தது. நம் நாட்டில் மலையாறு ஒன்றுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அது. எங்களைக் கலக்காமல் அறிவித்தார்கள் என்று மலைவாசிகள் குறைப்பட்டார்கள். மேலே அறிவிப்பு இருக்க, கீழே அகலச் சாலை வேலை நடந்தது.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். ஆறுகளை மதிப்பிட்டுப் பாதுகாக்கும் சட்டம் வேண்டும். அதில் மேலே ஓடும் தண்ணீருக்கு இருக்கும் மதிப்பு, மணலுக்கும் அடியோட்டத்துக்கும் இருக்க வேண்டும். மதிப்பிடும் குழுவில் விவசாயி, விவசாயத் தொழிலாளி, மீனவர், வண்டிக்காரர் ஆகியோரின் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக உட்கார வேண்டும். கிராம சபை அங்கீகரிக்காத அறிக்கை செல்லக் கூடாது. பாலாற்றுப் படுகையில் யந்திரம் இறங்கத் தடை வேண்டும். அதனால் வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஊற்றுக்கால்களைப் புதுப்பிக்கும் வேலையை நியாயமான கூலியில் கொடுக்க வேண்டும். ஆறு மூன்று மாநிலங்களுக்குப் பொது என்பதால், நந்தி மலையிலிருந்து வயலூர் வரை ஒரே ஆறாக அதை மதிப்பிட வேண்டும். துண்டு போட்டால் மேலே உள்ளவன் அடைப்பான், கீழே உள்ளவன் சுரண்டுவான்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு வந்தது. செத்துப்போன ஆறு என்று சொன்னவர்கள் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். ஆறு சாகவில்லை தோழர்களே! அதற்குக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆயாவின் கேள்வி இன்னும் நிற்கிறது. இம்முறை கிராம சபை கூடும்போது பாலாற்றங்கரை ஊர்கள் ஒவ்வொன்றிலும் நமது தோழர்கள் அதைத் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். கிணற்றின் தண்ணீர் மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, அதையும் அதே தாளில் குறிக்கட்டும். மதிப்பீட்டு வேலையின் முதல் ஏடு அதுதான்.