புகை போச்சு, விலை போகலை

நடைபாதையில் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், காலடியில் சாக்கடை மூடி, முதுகை உரசிக்கொண்டு போகும் பெஸ்ட் பஸ். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு ஒரு மனுஷன் மும்பை செம்பூரில் சீக் கபாப் சாப்பிட உட்காருகிறான் என்றால் அதற்கு ஒரே காரணம் கரி அடுப்பு. இப்போது அந்த அடுப்பைத்தான் எடுத்துவிட்டார்கள். ஸ்டூலும் சாக்கடையும் பஸ்ஸும் அப்படியே இருக்கின்றன.

மும்பைக் காற்று கெட்டுப்போனது பற்றி உயர்நீதிமன்றம் தானாகவே எடுத்து நடத்தும் வழக்கில் 2025 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. விறகிலும் கரியிலும் ஓடும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாறவேண்டும். அடுத்த மாதமே மாநகராட்சி, கரித் தந்தூர் வைத்திருக்கும் ஓட்டல்களுக்கும் தாபாக்களுக்கும் நோட்டீஸ் நீட்டியது. கெடு ஜூலை 8. நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையிலும் கேஸ் அடுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

கரியில் அப்படி என்ன விசேஷம் என்று வீட்டில் கேட்கிறார்கள். கம்பியில் பிடித்த கொத்துக்கறியிலிருந்து கொழுப்பு உருகிக் கங்கின் மேல் சொட்டும். சொட்டியது சுர்ரென்று எரிந்து, புகையாகி, திரும்பக் கறியிலேயே போய் ஒட்டும். நாம் காசு கொடுப்பது அந்தப் புகைக்குத்தான். கங்கின் அனல் வறண்டது, மேல்பக்கத்தைச் சட்டென்று சிவக்க வைத்துவிடும். கேஸ் எரிந்தாலோ நீராவியும் கூடவே வரும். கறி முதலில் வேகும், அப்புறம் மனசு வந்தால் சிவக்கும். எங்கள் கடையில் மனசே வருவதில்லை. கடித்தால் ரப்பர் செருப்பு வார் மாதிரி இழுக்கிறது.

“சாச்சா, என்ன ஆச்சு உங்க கைக்கு?” என்றேன் கடைக்காரரிடம்.

“கை அதேதான் அண்ணா, அடுப்புதான் வேற.”

(மதராசி என்று தெரிந்துவிட்டால் போதும், மும்பையில் எண்பது வயதுக் கிழவருக்கும் நாம் அண்ணா.)

வேண்டுமானால் அவரிடம் ஒரு வழி இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு கங்கு, அதன் மேல் கொஞ்சம் நெய், கபாப்போடு சேர்த்து ஒரு மூடி. இரண்டு நிமிஷத்தில் வாசனை வந்துவிடும். பிளேட்டுக்கு இருபது ரூபாய் கூட! முன்பு தெருவுக்கே இலவசமாகக் கிடைத்தது ஐயா அது.

மாட்டுங்காவில் ரசவடை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இட்லிக் கொப்பரை எந்த அடுப்பில் ஏறினாலும் இட்லி இட்லிதான்.

அடுப்படியில் நின்று விசிறி போட்ட பையனின் இருமல் குறைந்திருக்கிறது. அதை மறைக்க மாட்டேன், அது நல்லதுதான். ஆனால் செம்பூர்க்காரனிடம் வந்து புகை கெடுதல் என்று பாடம் நடத்துவதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் பேட்டைக்கு ‘கேஸ் சேம்பர்’ என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருப்பது கபாப் கடைகளால் அல்ல. ஒரு பக்கம் மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். அந்தப் பகுதிக் காற்றைக் கெடுத்ததற்காக நாலு நிறுவனங்கள் சேர்ந்து 286 கோடி ரூபாய் கட்டவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் சொன்னது. இன்னொரு பக்கம் 1927 முதல் நகரத்துக் குப்பையைக் கொட்டும் தேவ்னார். 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது பக்கத்துப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அதற்கெல்லாம் வழக்கு, வாய்தா, மேல்முறையீடு. ஒரு முழ நீள இரும்புத் தொட்டிக்கு ஆறு மாதக் கெடு!

சரி, மாறியது மாறிவிட்டது. கரிமூட்டை வாங்கும் செலவு மிச்சம்தானே, விலையாவது குறையுமா என்று பார்த்தால் பிளேட்டுக்குப் பத்து ரூபாய் ஏறியிருக்கிறது. கேட்டால் சிலிண்டர் விலை என்கிறார் சாச்சா. போன தடவை ஏற்றியபோது கரி விலை என்றார்.